போலீஸ் விசாரணைக்கு அழைத்தால்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர்களின் பதில்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாமே மாறிவிட்டன. சில பாதுகாப்புகள் கூடியுள்ளன, போலீசின் அதிகாரமும் சில இடங்களில் கூடியுள்ளது. வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குப் புதிய சட்டத்தின்படி இங்கே பதில் தருகிறோம்.

பக்கத்து வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய் விஷயத்தில் வாய்த் தகராறு. மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் போன் செய்து, “சாயங்காலம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்றார். எதற்கு என்று கேட்டால், “வந்தா சொல்றோம்” என்கிறார். போகத்தான் வேண்டுமா? போகாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்களா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

அந்த ஒரு போனுக்குப் பின்னால் மூன்று நிலைமைகளில் ஏதாவது ஒன்று இருக்கும். எது என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்பிப் போவதில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன.

முதலாவது, மனு விசாரணை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புகார் மனு கொடுத்திருப்பார், ஸ்டேஷனில் அவருக்கு சி.எஸ்.ஆர். (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீது கொடுத்திருப்பார்கள். எஃப்.ஐ.ஆர். இருக்காது. உங்கள் விஷயம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வழக்கே பதியாத நிலையில் உங்களை மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார வைக்கவும், போனை வாங்கி வைத்துக்கொள்ளவும், “போகக் கூடாது” என்று நிறுத்தவும் யாருக்கும் அதிகாரம் இல்லை.

இரண்டாவது, வழக்கு பதிவாகி, அதில் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுவது. இதற்கான அதிகாரம் பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவு கேட்பது எழுத்துமூலமான உத்தரவை. அதுவும் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ அதை ஒட்டிய ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரை மட்டும்தான் அப்படி அழைக்கலாம். முறையான உத்தரவு கையில் வந்த பிறகும் வேண்டுமென்றே போகாமல் இருந்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 208-வது பிரிவின்படி ஒரு மாதம் வரை வெறுங்காவலோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். போன் அழைப்பு அந்த உத்தரவு ஆகாது.

மூன்றாவது, உங்களையே குற்றம் சாட்டப்பட்டவராக விசாரிப்பது. கைது தேவையில்லை என்று போலீஸ் நினைக்கும் வழக்குகளில் 35(3) பிரிவின்படி நோட்டீஸ் தர வேண்டும். இந்த நோட்டீஸை அலட்சியப்படுத்தாதீர்கள். அதன்படி ஆஜராகி ஒத்துழைத்துக்கொண்டிருக்கும் வரை, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் உங்களைக் கைது செய்ய முடியாது என்று 35(5) சொல்கிறது. ஆஜராகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். எனவே இந்தக் காகிதம் உங்களுக்கு ஒரு கவசமும்கூட. தேதி ஒத்துவராவிட்டால் அந்தத் தேதிக்கு முன்பாகவே எழுத்தில் வேறு தேதி கேளுங்கள்.

ஆகவே போனில் பதற்றப்படாமல் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: பேசுபவரின் பெயர், பதவி, ஸ்டேஷன், சி.எஸ்.ஆர். எண்ணா எஃப்.ஐ.ஆர். எண்ணா, அது என்ன எண். என்னை எதிர்மனுதாரராக அழைக்கிறீர்களா, சாட்சியாகவா, குற்றம் சாட்டப்பட்டவராகவா? கடைசியாக, “சார், எழுத்தில் ஒரு சம்மன் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன்” என்று சொல்லுங்கள். குரலை உயர்த்தவோ சட்டப் பிரிவை எடுத்து வீசவோ தேவையில்லை. போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்று கேட்டுத் தொடுக்கப்படும் மனுக்களில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கமாகப் பிறப்பிக்கும் உத்தரவும் இதே வரிசையில்தான் இருக்கும்: தேதி, நேரம் குறிப்பிட்டு எழுத்தில் சம்மன் அனுப்பு, விசாரணையின் விவரத்தை ஸ்டேஷன் நாட்குறிப்பில் எழுது, துன்புறுத்தாதே.

எழுத்தில் தர மறுத்தால்? சின்னத் தகராறுக்கு, பிடிவாதமாகப் போகாமல் இருப்பதைவிட, உங்களுக்குத் தோதான முறையில் போய்வருவதே நல்லது என்பது எங்கள் கருத்து. பகல் நேரத்தில் போங்கள். ஒருவரை உடன் அழைத்துப்போய் வெளியே இருக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஸ்டேஷன் பெயர், அழைத்தவர் பெயர், உள்ளே போகும் நேரம் மூன்றையும் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வெளியே வந்ததும் இன்னொரு செய்தி. வக்கீலின் எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனை வெளியே வைக்கச் சொன்னால் மனப்பாடமில்லாத எண் உதவாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைய மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் தரப்பை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ முத்திரையோ கேளுங்கள். தர மறுத்தால் அதே மனுவை அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நடந்த அடிதடியை என் அம்மா (வயது 63) பார்த்தார். அவரையும் என்னையும் இரவு 8 மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். எனக்கு வயது 34.
— வாசகி, பல்லடம்

இருவருமே போக வேண்டியதில்லை. சாட்சியாக விசாரிக்கப்படும் பெண் யாராக இருந்தாலும், வயது என்னவாக இருந்தாலும், அவர் வசிக்கும் இடத்துக்குப் போலீஸ் வந்துதான் விசாரிக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்கள், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்கள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோருக்கும் 179-வது பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது. பழைய சட்டத்தில் இந்த வயது 65, இப்போது 60.

ஒன்றைக் கவனியுங்கள். புதிய சட்டத்தில், “அவர் தாமாக விரும்பினால் ஸ்டேஷனுக்கு வரலாம்” என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய் உட்கார்ந்தால், விரும்பி வந்ததாகவே எழுதிக்கொள்வார்கள். அதனால் “வீட்டில் வைத்துக் கேளுங்கள், பதில் சொல்கிறோம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். இந்தப் பாதுகாப்பு சாட்சிகளுக்கு. 35(3) நோட்டீஸ் பெற்றவர்களுக்கு அப்படியே பொருந்தாது. பெண்ணைக் கைது செய்வது வேறு கதை. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத விதிவிலக்கான சூழ்நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

போலீஸ் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமா? வாயை மூடிக்கொண்டிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி என்கிறார்களே?
— வாசகர், விருத்தாசலம்

அது உண்மையல்ல. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவு. போலீஸ் விசாரணைக் கட்டத்திலேயே அது பொருந்தும் என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 180-வது பிரிவும், கேட்கப்படுபவர் உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று சொல்லிவிட்டு, தன்னைக் குற்றச்சாட்டுக்கோ தண்டனைக்கோ உள்ளாக்கக்கூடிய கேள்விகளுக்கு விலக்குத் தருகிறது.

இந்த விலக்கின் எல்லையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை இல்லை. விபத்தைப் பார்த்த சாட்சி, லாரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். அதே ஆளிடம் “நீ குடித்துவிட்டு வண்டி ஓட்டினாயா?” என்று கேட்டால், பதில் சொல்ல மறுக்கலாம். பெயர், முகவரியை மட்டும் மறைக்காதீர்கள். சாதாரணமாக வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றத்தில்கூட, பெயர், முகவரி தர மறுப்பவரைக் கைது செய்ய 39-வது பிரிவு இடம் தருகிறது.

“இந்தக் கேள்விக்கு என் வக்கீலைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதையே சொல்லுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது மிரட்டலால் அல்ல, பயத்தில் ஏதாவது சொல்லித் தொலைப்போம் என்று ஊகத்தில் பேசுவதால்தான். “ஒன்பது மணிக்கு வீட்டில் இருந்தேன்” என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார்கள். செல்போன் டவர் விவரத்தில் ஒன்பதேகாலுக்கு பஸ் ஸ்டாண்டில் இருந்ததாக வருகிறது. குற்றத்தில் தொடர்பே இல்லாதவர் அன்றிலிருந்து பொய்யராகிவிடுகிறார். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். மணியை நிமிடக் கணக்கில் சொல்லாதீர்கள்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. அதை நம்பி “எதையாவது சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்” என்று நினைக்காதீர்கள். அதே பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். “நகையை வாய்க்கால் மதகில் வைத்திருக்கிறேன்” என்ற வரியைச் சுற்றித்தான் எத்தனையோ வழக்குகள் கட்டப்படுகின்றன. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதி உங்களை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனால், அதை அடுத்து மாஜிஸ்திரேட்டைப் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். நீதிமன்ற விசாரணை தொடங்கிப் பல மாதம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கடினம்.

மாஜிஸ்திரேட் முன்பு கொடுக்கும் வாக்குமூலம் முழுக்க வேறு. அது செல்லும். பதிவு செய்யும் முன், நீங்கள் கொடுக்கக் கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் உங்களுக்கு எதிராகப் பயன்படும் என்றும் அவர் விளக்க வேண்டும். “எனக்கு விருப்பம் இல்லை” என்று அங்கே சொன்னால், அதற்காக உங்களைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது என்பது 183(3). இது தெரியாமல், “மாத்திச் சொன்னா திரும்ப எங்ககிட்டத்தான் வரணும்” என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சித் தலையாட்டியவர்கள் உண்டு. போலீஸ் ஸ்டேஷன் விதிகளை வைத்து சுங்கத் துறை, அமலாக்கத் துறை அழைப்பை அளக்காதீர்கள். அங்கே கொடுத்துக் கையெழுத்திடும் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகவே வரக்கூடும். அந்தச் சம்மன் வந்தால் முதல் வேலை வக்கீலைப் பார்ப்பது.

வட்டிக்கு வாங்கிய பணம் தொடர்பான புகாரில் ஸ்டேஷனில் எழுதப்படாத இரண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். “ஒரு மாதத்தில் கட்டிடறேன்னு எழுதிக்கிறோம், போ” என்றார்கள். இப்போது என்ன செய்வது?
— வாசகர், ராசிபுரம்

உடனே செயல்படுங்கள். இன்றோ நாளையோ, என்ன நடந்தது என்று தேதி, நேரம், அங்கிருந்த அதிகாரியின் பதவி, எத்தனை தாள், தாளின் எந்த இடத்தில் கையெழுத்து என்று எழுதி, “அவை எழுதப்படாத தாள்கள், அவற்றில் பின்னர் எழுதப்படும் எதுவும் என்னுடைய கூற்று அல்ல” என்று மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பிரதி ஒன்று டி.எஸ்.பி.க்கு. அந்தத் தாள் கடன் பத்திரமாகவோ சமரசக் கடிதமாகவோ பிற்பாடு வெளியே வந்தால், அன்றே மறுத்ததற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் இந்தத் தபால் ரசீதுதான். ஆறு மாதம் கழித்து மறுத்தால் யார் நம்புவார்கள்?

கடன் பாக்கி என்பது சிவில் விவகாரம். வசூலித்துத் தருவதும் தவணை நிர்ணயிப்பதும் போலீஸ் வேலை இல்லை. மோசடி என்று புகார் இருந்தால் வழக்குப் பதியட்டும், அதைச் சட்டப்படி எதிர்கொள்ளலாம்.

கையெழுத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வழக்கு விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், அதைச் சொன்னவர் கையெழுத்துப் போடவே கூடாது என்று 181-வது பிரிவு விதிக்கிறது. “போட்டால்தான் அனுப்புவோம்” என்பது சட்டத்தைத் தலைகீழாக்குவது. கைது குறிப்பாணை, கைப்பற்றுதல் மகஜர் (எடுத்த பொருள்களின் பட்டியல்), நோட்டீஸ் பெற்றதற்கான ஒப்புகை ஆகியவற்றில் கையெழுத்து கேட்பது முறையானதே. அவற்றிலும் முழுவதும் படித்த பிறகு, தேதியையும் நேரத்தையும் உங்கள் கைப்படவே எழுதிக் கையெழுத்திடுங்கள். வரிகளுக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் கோடு கிழித்து அடைத்துவிடுங்கள். தவறாக எழுதியிருந்தால் “எனக்கு உடன்பாடில்லை” என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதலாம்.

விசாரணைக்குப் போனபோது போனை வாங்கி, “லாக் எடு” என்றார்கள். பயத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்க வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கோவை

வழக்கு இருந்து, அதற்குத் தேவையான சான்று என்றால் போனைக் கைப்பற்ற அதிகாரம் உண்டு. பெஞ்சில் உட்கார வைத்து உங்கள் வாட்ஸ்அப்பைப் புரட்டிப் பார்க்க அதிகாரம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நடைமுறை. கைப்பற்றினால் பட்டியல் போட்டு, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தேடுவதையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவு செய்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 105-வது பிரிவு புதிதாகச் சொல்கிறது.

கடவுச்சொல்லைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் சொல்ல மறுப்பதற்கு 20(3) பிரிவில் வலுவான வாதம் இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். “நீதிமன்ற உத்தரவு வந்தால் ஒத்துழைக்கிறேன்” என்பதுதான் பாதுகாப்பான பதில். கைரேகைப் பூட்டு வைத்திருந்தால் உங்கள் விரலைப் பிடித்து வைப்பது எளிது; எண் பூட்டு அப்படி அல்ல. எதையும் அழிக்காதீர்கள். அழிப்பது தனிக் குற்றமாகிவிடும்.

மகஜரில் மாடல் பெயரோடு ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), சிம் எண், மெமரி கார்டு இருந்ததா, போன் இயங்கும் நிலையில் இருந்ததா, அணைத்து உறையில் வைத்து முத்திரையிட்டார்களா என்பது வரை எழுதச் சொல்லுங்கள். “கறுப்பு நிற செல்போன் ஒன்று” என்று மட்டும் எழுதப்பட்ட மகஜரால், பிறகு எந்தப் போனிலிருந்து என்ன எடுத்தார்கள் என்று யாராலும் சரிபார்க்க முடியாது. போனைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 503-வது பிரிவில் மனுப் போடலாம். வழக்கு நீதிமன்ற விசாரணையில் இருந்தால் 497.

நேற்று ராத்திரி 11 மணிக்கு மப்டியில் வந்த நான்கு பேர் என் தம்பியைக் கூட்டிப்போய்விட்டார்கள். உள்ளூர் ஸ்டேஷனில் கேட்டால் “எங்ககிட்ட இல்லை” என்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, திருச்சுழி

முதல் வேலை, நேரத்தை ஆவணமாக்குவது. அவசர உதவி எண்ணான 112-க்கு அழைத்து, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன வண்டியில், எத்தனை பேர் வந்து அழைத்துப்போனார்கள் என்று சொல்லுங்கள். அந்த அழைப்பு பதிவாகும். அதே விவரத்தை அந்த ராத்திரியே எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். முன்பெல்லாம் குடும்பத்தார் ஓடிப்போய்த் தந்தி கொடுப்பார்கள். அந்தத் தந்திப் படிவத்தின் முத்திரைதான் சட்டவிரோதக் காவலுக்கு நீதிமன்றத்தில் முதல் சாட்சி. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பவை மின்னஞ்சலின் நேரக் குறிப்பும் 112 அழைப்பும்தான். தெருவில் யார் வீட்டிலாவது, கடையிலாவது கேமரா இருந்தால் அந்தக் காட்சியை உடனே நகல் எடுங்கள். சில நாளில் மேலெழுதிப் போய்விடும்.

இந்த நேரக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசமைப்புச் சட்டம் 22(2), பி.என்.எஸ்.எஸ். 58 இரண்டும் இதைச் சொல்கின்றன. நடைமுறையில் நடக்கும் தவறு என்னவென்றால், திங்கள் ராத்திரி பிடித்தவரை புதன் காலை “பஸ் ஸ்டாண்ட் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றபோது கைது” என்று எழுதுவார்கள். நடுவில் ஒன்றரை நாள் காகிதத்தில் இல்லை. அடி விழுவதும் பெரும்பாலும் அந்த ஒன்றரை நாளில்தான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். எஃப்.ஐ.ஆர். இல்லாமலே தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. சுதந்திரமாக வெளியேற முடியாமல் தடுக்கப்பட்ட நேரத்திலிருந்துதான் 24 மணி நேரம் ஓடுகிறது, ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்தர்) எழுதிய நேரத்திலிருந்து அல்ல என்று வாதிட, உங்கள் 112 அழைப்பு தேவைப்படும்.

விடிந்ததும் வக்கீலோடு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பராமரித்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பார்வைக்கு வைக்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்பது 37-வது பிரிவு. எங்கேயும் தகவல் இல்லையென்றால் தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு). உங்கள் ஊருக்கு மதுரைக் கிளை.

கைது என்று ஒப்புக்கொண்டால் கேட்க வேண்டிய காகிதங்கள் இவை. கைது குறிப்பாணை: தேதி, நேரம், குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து. எஃப்.ஐ.ஆர். எண். கைதுக்கான காரணங்கள், எழுத்தில். இந்த மூன்றாவதில்தான் அண்மையில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. எந்தக் குற்றமாக இருந்தாலும், கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். அந்த இடத்திலேயே முடியாவிட்டால், ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன்) நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம் என்று 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. “எந்தப் பிரிவு” என்று எண்ணை மட்டும் எழுதுவது காரணம் ஆகாது. இவர் என்ன செய்ததாகச் சொல்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

விசாரணையின்போது தாம் விரும்பும் வக்கீலைச் சந்திக்க 38-வது பிரிவு உரிமை தருகிறது. விசாரணை முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார முடியாது. ஆனாலும் வக்கீல் வந்து வாசலில் நிற்கிறார் என்பதே உள்ளே நடப்பதை மாற்றும்.

கைதானவுடன் மருத்துவப் பரிசோதனை உண்டு. அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தரப்பட வேண்டும். மருத்துவரிடம் “எங்கும் காயம் இல்லை” என்று சொல்லும்படி மிரட்டியிருந்தால், அடுத்த வாய்ப்பு மாஜிஸ்திரேட். ரிமாண்ட் என்பது கையெழுத்துச் சடங்கு இல்லை. அங்கே தம்பி தாமாகவே வாய் திறந்து சொல்ல வேண்டியவை: எப்போது பிடித்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள், அடித்தார்களா, எங்கே வலிக்கிறது. சட்டையைத் தூக்கிக் காட்டலாம். “இதைப் பதிவு செய்யுங்கள் ஐயா” என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாஜிஸ்திரேட்டின் வீட்டில் நிறுத்தினாலும் இதே உரிமைதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில், அவர்களை ரிமாண்ட் செய்த விதமும் சிறைக்கு அனுப்பத் தகுதி என்று கொடுத்த மருத்துவச் சான்றும்தான் நாடு முழுவதும் கேள்விக்குள்ளாயின. தடுக்கக்கூடிய இரண்டு வாசல்களும் அன்று திறக்கவில்லை.

சிபிஐ என்று சொல்லி வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்தது. வீடியோ அழைப்பில் யூனிஃபார்ம் போட்ட ஒருவர், “நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை அணைக்காதீர்கள்” என்றார்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

மோசடி. டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் ஒன்று கிடையாது. அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. உண்மையான போலீசே 35-வது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறைப்படி நோட்டீஸ் சேர்ப்பித்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் சொன்னது. 179-வது பிரிவு அழைப்புக்கும் அப்படியே.

என் மகனுக்கு 17 வயது. நண்பர்களோடு பைக் திருட்டில் சந்தேகம் என்று ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள்.
— தந்தை, ஆம்பூர்

பள்ளிச் சான்றிதழையோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையோ எடுத்துக்கொண்டு உடனே போங்கள். வயதை முடிவு செய்யச் சட்டம் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். ஆதாரை மட்டும் கொண்டுபோனால் போதாது. 18 வயது நிறையாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. குழந்தைகள் நல போலீஸ் அதிகாரி, சாதாரண உடையில், ஸ்டேஷன் போலத் தோன்றாத இடத்தில்தான் பேச வேண்டும். பெற்றோர் உடன் இருக்கலாம். விலங்கு கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். “பெரிய பையன் மாதிரி இருந்தான், பத்தொன்பதுன்னு சொன்னான்” என்று எழுதிப் பெரியவர்களோடு சேர்த்து ரிமாண்ட் செய்துவிட்டால் வெளியே கொண்டுவர நாள்கள் ஆகும். அதனால் சான்றிதழ் நகலை ஸ்டேஷனில் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குவது அவசியம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தகவல் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் யாரிடம் போவது? ஸ்டேஷனில் அடித்ததற்கு சிசிடிவி ஆதாரம் கேட்டால் தருவார்களா?
— வாசகர், அறந்தாங்கி

காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகாவில் வட்ட சட்டப் பணிகள் குழு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ரிமாண்ட் நாளிலேயே “எனக்கு வக்கீல் இல்லை” என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால் அவர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சிசிடிவிக்கு வருவோம். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பிடம், இன்ஸ்பெக்டர் அறை எல்லாவற்றிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்றது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ஆனால் சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமராவும் இருந்தது, வன்தட்டில் போதிய இடமும் இருந்தது. அன்றன்றைக்கே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்ததை அங்கே போன மாஜிஸ்திரேட் தம் அறிக்கையில் எழுதினார்.

அதனால் மனுவை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். “இன்ன ஸ்டேஷன், இன்ன தேதி, காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை, நுழைவாயில் மற்றும் ரைட்டர் அறைக் கேமராக்களின் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்” என்று எஸ்.பி.க்கு எழுதுங்கள். மாநகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனருக்கு. “சிசிடிவி வேண்டும்” என்று மொத்தமாகக் கேட்டால் எந்த நேரம், எந்தக் கேமரா என்று திருப்பிக் கேட்பதிலேயே நாள்கள் ஓடிவிடும். முதல் மனுவில் நகல் கேட்காமல் பாதுகாக்க மட்டும் கேளுங்கள். தருவதா வேண்டாமா என்று அவர்கள் யோசிப்பதற்குள் பதிவு போய்விடக் கூடாது. அதே வாசகத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்றை அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வழக்கு இருந்தால், ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடமே பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படி வக்கீல் மூலம் மனுக் கொடுங்கள். மனித உரிமைகள் ஆணையத்தில் புகார் செய்வதற்கு, நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருக்கிறது. பதிவுக்கு அந்த அவகாசம் இல்லை.